பெட்டி மேல் எழுதாத லோடம்மா

அட்டைப்பெட்டியைக் காதோரம் தூக்கி ஒரு குலுக்கு. கண்ணை மூடி இரண்டு நொடி. "கரண்டி, வடிகட்டி, மூடியில்லாத டப்பா ரெண்டு. மூடி வேற பெட்டியில போயிடுச்சு" என்றார் லோடம்மா. வீட்டுக்காரப் பெண்மணிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒட்டிய பெட்டியைக் கிழித்துத் திறந்தார். கரண்டி, வடிகட்டி, மூடியில்லாத டப்பா இரண்டு. லோடம்மா டேப் உருளையை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். "சந்தேகப்பட்டவங்கதான் திரும்ப ஒட்டணும். அது இங்க சட்டம்."

வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். மூன்று வேன், ஒன்பது ஆள், தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. வயது அறுபத்து நாலு. படிப்பு நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பாத்திரக்கடையில் கண்ணாடித் தம்ளருக்குப் பழைய தாள் சுற்றுவதில் ஆரம்பித்தவர். தாள் சுற்றத் தெரிந்தவருக்குப் பெட்டி கட்டத் தெரிந்தது. பெட்டி கட்டத் தெரிந்தவருக்கு வண்டி ஏற்றத் தெரிந்தது. வண்டி ஏற்றத் தெரிந்த பிறகும் அடுத்தவன் வண்டியையே ஏற்றிக்கொண்டிருந்தால் அது அறிவு கெட்டதனம் இல்லையா என்று கேட்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற உலகத்துக்கு அவர் லோடம்மா.

தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. அடுத்தவர் சொல்லும்வரை காத்திருந்தால் ஆயுசு போதாது என்பது அவர் கணக்கு. "நான் சுத்தின தம்ளரை மாடியிலேருந்து போடு. கீழ போய் எந்திரிச்சு நிக்கும்" என்பார். முதல் வேனை ஓட்டும் நெட்டை, பதினெட்டு வருஷமாக அவரிடம் இருக்கிறவன், ஏணி இல்லாமல் பல்ப் மாட்டுகிறவன், ஒருநாள் கேட்டான்: "எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்கம்மா?"

"கட்டத் தெரியாதவன்தான் போட்டுப் பார்ப்பான்."

இந்தத் தொழிலில் எல்லாரும் பெட்டியின் மேல் எழுதுவார்கள். சமையலறை, படுக்கையறை, உடையும் பொருள் என்று கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். லோடம்மா ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். "பெட்டி மேல எழுதினா தெருவே நின்னு படிக்கும். யார் வீட்ல எத்தனை மருந்து டப்பா, எத்தனை காலி பாட்டிலு, எதிர்வீட்டுக்காரிக்கு எதுக்கு?" அவருடைய வேனில் போகும் பெட்டிகளெல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவைபோல் இருக்கும். அடையாளம் பெட்டியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். ஆகவே நோட்டுப்புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தின் அடிவரியிலிருந்து ஆரம்பித்து, மேல்நோக்கி, முன்நோக்கி எழுதிக்கொண்டு வருவார். புது வீட்டு வாசலில் புத்தகத்தைப் பிரித்தால் கண்ணில் படுகிற முதல் வரி எதுவோ, அதுதான் வேன் கதவை ஒட்டி நிற்கும் பெட்டி. மேலிருந்து படித்துக்கொண்டே இறக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு செருப்பு இடம் மாறியதில்லை.

புத்தகத்தில் எழுத்து குறைவு, படம் அதிகம். மீன்முள் போட்டிருந்தால் உடையும் சாமான். யானை போட்டிருந்தால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நடுநடுவே வீட்டுக்காரர்களைப் பற்றியும் குறிப்பு இருக்கும். 'இந்த வீட்டு ஐயா தானும் தூக்குவேன் என்று வருவார். தலையணையைக் கொடுத்து அனுப்பவும்.' 'அம்மா அழுதால் பார்க்காதே. பீரோவைப் பார்.' இதையெல்லாம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எழுதியவர்தான். அவருக்கு அது குறையாகவே தெரியவில்லை, கண்ணில் புரை விழும்வரை.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் தூசிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நெட்டை தலைமையில் ஒரு வங்கி அதிகாரியின் வீடு மாறியது. ஆபரேஷனுக்கு முதல் நாள் சரக்கு ஏறும்வரை லோடம்மா இருந்தார், இறங்கும்போது இல்லை. வாசலில் புத்தகத்தைப் பிரித்த நெட்டை மீன்முள்ளைச் சீப்பு என்று படித்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, மீன்முள் சீப்பு மாதிரிதான் இருக்கும். கண்ணாடிச் சாமான்கள் குளியலறைக்குப் போயின. தலையணைகள் சமையல் மேடையில் ஏறின. அடுப்பு படுக்கையறையில் போய் உட்கார்ந்தது. அந்த அதிகாரி இரண்டு நாள் தேடியும் பல் துலக்கும் பிரஷ் கிடைக்காமல், வங்கிக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்று வாடிக்கையாளர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

அலுவலக அறையில் போன் எடுப்பது மருமகள். மகனுக்கு அட்டைப்பெட்டித் தூசி பட்டால் தும்மல் வரும் என்பதால் அவன் வேறு உத்தியோகம் பார்க்கிறான். தும்மாத மருமகள் தொழிலுக்கு வந்தாள். ஒரு திங்கட்கிழமை அவள் நேராகவே பேச்சை எடுத்தாள்.

"அத்தை, கம்பெனி உங்க மண்டைக்குள்ள இருக்கு."

"மண்டை இருக்கிறவங்க மண்டையிலதான் இருக்கும்."

"ரெண்டாவது கண்ணுக்கும் தேதி குடுத்திருக்காங்க. அன்னைக்கு யார் மண்டையைத் திறந்து படிக்கிறது?"

 பேச்சில் மாட்டிக்கொண்டால் லோடம்மா டேப் கிழிப்பார். ஒரு முழம் கிழித்தார்.

மருமகள் சொன்னது குறிப்பு எழுதும் ஒரு செயலி. லோடம்மா டேப்லெட்டில் எழுதினால் அது நெட்டையின் போனிலும் தெரியும், வேறு தயாரிப்பான மருமகளின் போனிலும் தெரியும், அலுவலகத்தில் விசிறிபோல் சத்தம் போடும் பழைய கம்ப்யூட்டரிலும் தெரியும். ஒரு பெட்டிக்கு ஒரு குறிப்பு. இறக்கியதும் டிக் அடித்தால் அந்தக் குறிப்பு ஒதுங்கிவிடும், அடுத்தது நிற்கும். டேப்லெட்டைப் பார்த்த நிமிஷமே லோடம்மா அதற்குச் சிலேட்டு என்று பெயர் வைத்துவிட்டார். "நாலாவதுல விட்ட சிலேட்டு. அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத் தேடி வந்திருக்கு பாரு."

ஆனால் மருமகள் சொன்னாள் என்பதற்காக எதையும் ஒத்துக்கொள்ளும் ஆள் அவர் இல்லை. புதுக் கயிறு வாங்கினால்கூட அதில் தான் தொங்கிப் பார்த்த பிறகுதான் பீரோவைத் தொங்கவிடுவார். குளிர்பெட்டி வந்த ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்றைக் கிடங்கின் நடுவில் நிறுத்தினார். மார்க்கரால் நடுவே ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் 'நல்லது', வலப்பக்கம் 'கெட்டது'. ஒரு வாரம் பெட்டி நிற்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பொய் எழுதக் கூடாது. அடுத்தவர் எழுதியதை அடிக்கக் கூடாது. "பெட்டி மேல எழுத மாட்டேன்னீங்களே" என்றான் நெட்டை. "இது காலிப் பெட்டிடா. காலியா இருக்கிறது மேல யாரு வேணாலும் எழுதலாம். ஞாபகம் இருக்கட்டும், உன் நெத்தி பக்கத்துலதான் இருக்கு."

முதல் சோதனை அன்றே நடந்தது. லோடம்மா கிடங்கில் நின்று சிலேட்டில் எதையோ தட்டினார். மறுகோடியில் வேன் நிழலில் சாய்ந்திருந்த நெட்டையின் போன் சிணுங்கியது. 'ஏன் சும்மா நிற்கிறாய்' என்று இருந்தது. அவன் நிமிர்ந்து நின்றான். லோடம்மா விடுவிடுவென்று அலுவலக அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அங்கேயும் 'ஏன் சும்மா நிற்கிறாய்'. அவருக்கு அந்த வாரம் முழுக்க அதுதான் பொழுதுபோக்கு. இடப்பக்கம் மருமகள் எழுதினாள்: 'எங்கிருந்து எழுதினாலும் எல்லாருக்கும் தெரிகிறது.' வலப்பக்கம் நெட்டை எழுதினான்: 'எங்கிருந்து எழுதினாலும் எல்லாருக்கும் தெரிகிறது.' இரண்டும் உண்மை, ஆகவே இரண்டும் நின்றன.

கெட்டது வரிசைதான் முதலில் வளர்ந்தது. டேப் பசை ஒட்டிய விரலால் தொட்டால் சிலேட்டுக்கு உறைக்கவில்லை. வெயிலில் எழுத்து தெரியவில்லை. பேட்டரி தீர்ந்தால் செங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. "செங்கல்லு மேலு, வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றார் லோடம்மா. லிப்டுக்குள்ளும் தரைக்கடியில் இருக்கும் வண்டி நிறுத்தத்திலும் சிக்னல் கிடைக்காமல் குறிப்பு பாதியில் தொங்கியது. பாஸ்வேர்டு மறந்துபோனால் சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயரைக் கேட்டது. "நாயே இல்லன்னா?" "ஏதாவது பேர் குடுங்க அத்தை." "இல்லாத நாய்க்குப் பேர் வச்சு, அந்தப் பேரை நான் ஞாபகம் வச்சுக்கணுமா? இதுக்கு நாயே வளர்த்திருக்கலாம்." எல்லாவற்றையும்விட ஒன்று அவரை உறுத்தியது. தெருக்காரர் படிக்கக் கூடாது என்றுதானே பெட்டி மேல் எழுதாமல் இருந்தது? இப்போது ஊர் வீட்டுச் சாமான் பட்டியலெல்லாம் எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் போய் உட்காரப் போகிறது. மார்க்கரை அழுத்தி அவரே எழுதினார்: 'முகம் தெரியாதவன் படிப்பான்.'

மருமகள் ஒரு சாமர்த்தியம் செய்தாள். வாதாடவில்லை. சிலேட்டில் மைக் படத்தைத் தொட்டு அத்தையின் வாய்க்கு நேரே நீட்டினாள். "எழுத வேணாம். பேசுங்க."

லோடம்மா சந்தேகத்தோடு பேசினார். "பீங்கான் தட்டு பன்னிரண்டு. குப்புற வைக்காதே."

எழுத்து வந்தது. கோழி கிளறிய எழுத்து அல்ல, நாலாம் வகுப்பில் பாதியில் நின்ற எழுத்து அல்ல. கல்யாணப் பத்திரிகையில் அடித்ததுபோல வரிசையாக, கொம்பும் காலும் சரியாக நிற்கும் எழுத்து. லோடம்மா அதையே பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே அதே பன்னிரண்டு தட்டை மறுபடி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். முப்பத்தாறு தட்டு ஆன பிறகு, "பரவாயில்ல, காது கேக்குது இதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். இடப்பக்கத்தில் அதை யாரும் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கே தராசு சாய்ந்துவிட்டது என்பது மருமகளுக்குத் தெரியும்.

கடைசியில் அவரைக் கவிழ்த்தது வேறொன்று. புதிதாக எழுதும் குறிப்பு தானாகவே பட்டியலின் தலைக்குப் போய் நின்றது. பழசு கீழே இறங்கியது. கடைசியில் ஏறியது மேலே. லோடம்மாவின் புத்தகம் எந்த வரிசையில் ஓடுமோ அதே வரிசை, தலைகீழாக எழுதும் தொல்லை இல்லாமல். அவர் சிலேட்டைத் தட்டிக் கொடுத்தார். "இதைச் செஞ்சவன் எங்கயோ லோடு ஏத்தியிருக்கான். படிச்சவனுக்கு இது தோணாது." ஆளுயரப் பெட்டியின் இடப்பக்கம் கொட்டை எழுத்தில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, வாரம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டார். இனிமேல் சிலேட்டு. நோட்டுப்புத்தகம் கிடையாது. "ரெண்டுலயும் எழுதி வைக்கலாமே அத்தை, முதல் தடவைதானே" என்று மருமகளே சொன்னாள். "ரெண்டு தோணியில கால் வச்சு எவ கரை சேர்ந்தா? எழுதினா ஒரு இடத்துல எழுதுவேன்." பெருமைக்காரர்களிடம் இதுதான் கஷ்டம். மாட்டேன் என்றாலும் முழுசாக மாட்டேன், சரி என்றாலும் முழுசாகச் சரி.

இரண்டாவது கண்ணும் பல் டாக்டரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள். பல் டாக்டர் மருத்துவமனையை இரண்டு தெரு தள்ளி மாற்றுகிறார். முதல் நாள் மாலை சரக்கு ஏற வேண்டும், மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்க ஆரம்பிக்க வேண்டும், நாலு மணிக்கு முதல் நோயாளி வாயைத் திறப்பார். அதே காலையில் லோடம்மாவுக்கு ஆபரேஷன். தேதியை மாற்றச் சொல்லி இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தார். ஒருவர் கண்ணை விடவில்லை, இன்னொருவர் பல்லை விடவில்லை. நாற்காலியையும் பெரிய மெஷின்களையும் அந்தந்தக் கம்பெனிக்காரர்களே கொண்டுபோனார்கள். மிச்சம் அறுபத்தொரு பெட்டி. அறுபத்தொன்றையும் லோடம்மா நின்று ஏற்றினார், ஒவ்வொன்றுக்கும் சிலேட்டிடம் ஒரு வார்த்தை சொன்னார். 'பிளாஸ்டர் தாடை மாதிரிகள் நாற்பது, உள் அறை, ஜாக்கிரதை.' 'வாரப் பத்திரிகை, காத்திருக்கும் அறை.' 'டாக்டர் பக்கத்தில் வந்து பேசிக்கொண்டே இருப்பார். தலையை ஆட்டிக்கொண்டே தூக்கவும்.'

வேன் கதவைச் சாத்தியதும் மருமகள் சொன்னாள்: "இது நல்லபடியா முடிஞ்சா, நீங்க இல்லாத நாளும் கம்பெனி நடக்கும்னு அர்த்தம் அத்தை. முடியலன்னா வேனை வித்துட்டு வேற பொழப்பு பார்க்கலாம். இன்னொரு வங்கிக்காரரை நம்மால தாங்க முடியாது."

"நான் இல்லாத நாளா? எங்க போறேன்?" என்றார் லோடம்மா. ஆனால் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மறுநாள் காலை. ஆஸ்பத்திரியில் நாலு கட்டில் போட்ட அறை, பச்சைத் திரை, பச்சை அங்கி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் போனாள். மருந்து விட்ட கண் மங்கியது. ஏற்கனவே ஆபரேஷன் ஆன கண் சும்மா இருந்தது. சும்மா இருக்கும் கண்ணும் சும்மா இருக்கும் கையும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும்? லோடம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, படிக்கிற கண்ணாடியை மாட்டி, போர்வைக்கடியில் இருந்த சிலேட்டை எடுத்தார். பார்க்கத்தான். வேறொன்றும் இல்லை.

எட்டே கால். பட்டியல் இறங்கிக்கொண்டிருந்தது. நெட்டை டிக் அடிக்க அடிக்கக் குறிப்புகள் ஒதுங்கின. லோடம்மாவின் நெஞ்சு விரிந்தது. இன்னும் சில வரி கீழே தள்ளிப் பார்த்தார். பிளாஸ்டர் தாடை நாற்பது, ஜாக்கிரதை. நாற்பது தாடைக்கு ஒரு ஜாக்கிரதை எப்படிப் போதும்? விரலால் இன்னொரு ஜாக்கிரதை சேர்த்தார். கிருமி போக்கும் தட்டுகளுக்கு 'நேராகப் பிடி' என்று போட்டார். வாரப் பத்திரிகைக்கு 'தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது' என்று போட்டார். எல்லாம் நல்ல யோசனைகள். ஏழு பெட்டிக்கு ஏழு நல்ல யோசனை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் நல்ல எண்ணத்தோடுதான் ஊதியிருப்பான்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. மருமகள். பின்னால் யாரோ கத்துவதும், நெட்டை "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்பதும் கேட்டன.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"கண்ணுல மருந்து. படுத்திருக்கேன்."

"சிலேட்டு எங்க?"

"எந்தச் சிலேட்டு?"

"அத்தை."

"இங்கதான் எங்கயாவது கிடக்கும்."

"டாக்டர் பத்திரிகைப் பெட்டியைப் பிரிச்சாரு. உள்ள நாப்பது தாடை பல்லைக் காட்டுது. பத்திரிகைதானேன்னு பசங்க தொப்புன்னு போட்டிருக்காங்க. ரெண்டு தாடை உடைஞ்சிருச்சு. பத்திரிகையை உள் அறைக்கு ரெண்டு பேர் குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டுப் போயிருக்காங்க. இதுவரை பதினாலு இறங்கியிருக்கு, அதுல பாதிக்கு மேல சொன்ன இடத்துல இல்ல."

"நெட்டைக்குப் படிக்கத் தெரியல, நான் அப்பவே…"

"நெட்டை மேல இருக்கிறதைத்தான் படிச்சான். தாடைப் பெட்டிக்கு நேத்து ஒரு ஜாக்கிரதைதான் இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு இருக்கு."

"மெஷினு போட்டிருக்கும்."

"மெஷினுக்கு எதுக்கு அத்தை தாடை மேல அக்கறை?"

லோடம்மாவின் கை கட்டிலில் டேப் உருளையைத் தேடியது.  கிழிக்க டேப் இல்லை.

"இது புதுசா எழுதினதை மேல வைக்கல அத்தை" என்றாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் லோடம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கடைசியா தொட்டதை மேல வைக்குது. புதுசா எழுதறப்போ ரெண்டும் ஒண்ணுதான், அதனால நாம ரெண்டு பேருமே கவனிக்கல. நீங்க ஏழு தடவை தொட்டிருக்கீங்க. ஏழும் தலைக்கு ஏறிடுச்சு."

"அப்ப கெட்டதுல எழுது."

"எழுதறேன். எதைக் கெட்டதுன்னு எழுதறது, சிலேட்டையா, கையையா?"

அறுபத்து நாலு வருஷத்தில் அந்தக் கையை யாரும் கெட்டது என்று சொன்னதில்லை. லோடம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். டேப் அறுத்து அறுத்துக் காய்த்த கட்டை விரல். நாற்பது வருஷத் தொழில். நெட்டையைத் திட்ட வழியில்லை, சிலேட்டைத் திட்ட வழியில்லை. இத்தனை பெட்டியிலும் உடைந்தது அவரே இரண்டு ஜாக்கிரதை போட்ட பெட்டி மட்டும்தான்.

"நான் வாயால வரிசையைச் சொல்றேன், எழுதிக்கோ" என்றார். "நாப்பத்தேழும் மனசுல இருக்கு."

"இருக்கும் அத்தை, தெரியும். இப்ப உங்களை உள்ள கூப்பிட்டா பாதியில நிக்கும். இறங்காத பெட்டிக்குத் தப்பா விழுந்த டிக்கையெல்லாம் எடுத்துட்டேன். ஒவ்வொரு குறிப்புக்குள்ளயும் நேத்து எழுதின நேரம் இருக்கு. அதைப் பார்த்து முதல்ல ஏறினதை முதல்ல தொடப் போறேன், அடுத்து ரெண்டாவது, அடுத்து மூணாவது. ஒவ்வொண்ணா மேல ஏறும். கடைசியில நேத்து இருந்த மாதிரியே நிக்கும். நெட்டையை நிறுத்தி வச்சிருக்கேன். நடுவுல நீங்க ஒரு புள்ளி வச்சீங்கன்னா திரும்பக் கவுந்துடும். புரியுதா?"

"புரியாம என்ன" என்றார் லோடம்மா. போன் வைக்கப்பட்டது.

சிலேட்டைப் பார்த்தார். பட்டியல் அசையாமல் நின்றது. பிறகு அடியிலிருந்து ஒரு குறிப்பு மறைந்து தலையில் வந்து நின்றது. பழைய கோப்புகள், வேனின் உள்சுவரை ஒட்டி முதலில் ஏற்றியது. அதன் மேல் அடுத்த கோப்புப் பெட்டி வந்து அமர்ந்தது. அதன் மேல் திரைச்சீலைகள். லோடம்மாவுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அது என்ன வேலை என்று அதன் பிறகுதான் உறைத்தது. பல் டாக்டரின் புது இடத்து நடைபாதையில் நின்றுகொண்டு மருமகள் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பெட்டியைத் தொடாமல், குனியாமல், நேற்று அவர் ஏற்றிய அதே வேனை அடியிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொன்றும் ஏற ஏற லோடம்மாவின் உதடு முன்கூட்டியே சொன்னது. கையுறை. வந்தது. வாய்க்கவசம். வந்தது. அடுத்தது கண்ணாடிக் குப்பி, யானை. வரவில்லை. அரை நிமிஷம். விரல் சிலேட்டுக்கு ஒரு அங்குலம் மேலே போய் நின்றது. குப்பிதான், குப்பிதான் பெண்ணே, என்று பல்லைக் கடித்தார். குப்பி வந்தது. தொடர்ந்து மூன்று பெட்டி மளமளவென்று ஏறின. நர்ஸ் சொட்டு மருந்து விட வந்தபோது லோடம்மா ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்பத்தேழாவது தலையில் வந்து நின்றது. காத்திருக்கும் அறையின் சுவர்க் கடிகாரம். சரி. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. ஒரு பிசகும் இல்லை. சிலேட்டில் டிக் விழுந்தது. கடிகாரம் இறங்கிவிட்டது.

அடுத்த வரி: 'மேஜை விளக்கு ஒன்று, முன் அறை.' லோடம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மேஜை விளக்கின் மூடி கண்ணாடி. ஒரு ஜாக்கிரதைகூட இல்லை. நேற்று எப்படி விட்டுப்போனது? ஒரே ஒரு வார்த்தை. கொஞ்சம் முன்பு இரண்டு தாடை போனது, இப்போது விளக்கும் போக வேண்டுமா? மேலே நிற்கிற குறிப்பைத் தொட்டால் அது மேலேதான் நிற்கும், வரிசை எங்கே போய்விடும்? அப்படித்தான் ஏழு முறை தோன்றியது. விரல் இறங்கியது.

சிலேட்டில் படும் முன் அதை மடக்கிக்கொண்டார். சிலேட்டைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"கையைக் குடுங்கம்மா, பிரஷர் பார்க்கணும்" என்று நர்ஸ் பட்டையை விரித்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. இன்னும் நாப்பத்தாறு இருக்கு" என்றார் லோடம்மா, இன்னும் கொஞ்சம் அழுந்த உட்கார்ந்து.